நீல லைட்டுல வச்சா கருவி சுத்தமாயிடுமா?

1/
மக்களே, போன வாரம் ஓபி முடிச்சு சாப்பிட உட்கார்ந்த நேரம் ஒரு போன். எங்க ஊர்ல ஜவுளிக்கடை வச்சிருக்கிற அண்ணன். "தம்பி, அப்பா நினைவு நாள் வருது. நம்ம ஜிஹெச்சுக்கு ஏதாவது பெருசா செய்யணும்னு ஆசை. யூவி லைட் மெஷின்னு ஒண்ணு வீடியோல பார்த்தேன். கருவியை உள்ள வச்சா எல்லாக் கிருமியும் செத்துடுமாமே. ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

2/
"வாங்கிக் குடுங்கண்ணே"ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஒரு போட்டோ, ஒரு சால்வை, ஒரு பெயர்ப்பலகை. ஆனா நான் "ரெண்டு நாள் குடுங்கண்ணே, யோசிச்சுச் சொல்றேன்"னு வச்சுட்டேன். ஏன் தயங்கினேன் என்பதை போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியல. அதுக்குத்தான் இந்த நீளமான த்ரெட். அவருக்கும் அனுப்பப் போறேன்.

3/
முதல்லயே என் கருத்தைச் சொல்லிடறேன். புற ஊதா ஒளி, அதாவது யூவி, ஏமாத்து வேலை இல்ல. உண்மையிலேயே கிருமியைக் கொல்லும். ஆனா கழுவிச் சுத்தம் பண்ணின பொருளுக்கு மேல் போடுற கடைசிப் பூட்டு அது. கழுவுறதுக்கு ஆளும் தண்ணியும் இல்லாத இடத்துல அந்த மெஷினை வச்சா, நமக்கு "சுத்தமாயிடுச்சு"ங்கிற நினைப்பு மட்டும்தான் வரும். ஆஸ்பத்திரியில அந்த நினைப்பு ஆபத்து.

4/
யூவி உங்களுக்குப் புதுசு இல்ல. சலூன்ல சீப்பும் கத்தரியும் வைக்கிற கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீல லைட். வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கிற வாட்டர் பியூரிஃபையர்ல "ஆர்ஓ பிளஸ் யூவி"ன்னு எழுதியிருக்கும். அதே சங்கதிதான். "மெத்தையை வெயில்ல காயப் போடு"ன்னு பாட்டி சொன்னதுலயும் கொஞ்சம் யூவி இருக்கு, சூடும் காய்ச்சலும் சேர்ந்து.

5/
புற ஊதாக் கதிர்ல மூணு வகை. 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ. 280 முதல் 315 வரை பி. 100 முதல் 280 வரை சி. வெயில்ல நம்மைக் கருக்க வைக்கிறது ஏ, பி ரெண்டும். கிருமிக்கு எமன் சி. சூரியன்ல இருந்து வர்ற யூவி-சியை ஓசோன் படலமும் காற்றும் மேலேயே தடுத்துடுது. அதனாலதான் ஆஸ்பத்திரிக்கு அதை விளக்கு வச்சு உண்டாக்க வேண்டியிருக்கு. பழைய பாதரச விளக்குகள் பெரும்பாலும் 254 நானோமீட்டர்ல ஒளி விடும்.

6/
எப்படிக் கொல்லுது? கிருமியின் டிஎன்ஏ-வுல தைமின்னு ஒரு எழுத்து இருக்கு. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு தைமினை இந்த ஒளி ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சுடும். புத்தகத்துல ரெண்டு பக்கத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டின மாதிரி. அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது, நகல் எடுக்க முடியாது. நகல் எடுக்க முடியாத கிருமியால பெருக முடியாது. அவ்வளவுதான்.

7/
இது நேத்து வந்த கண்டுபிடிப்பும் இல்ல. சூரிய ஒளி பாக்டீரியா வளர்வதைத் தடுக்குதுன்னு 1877-லயே இங்கிலாந்துல டவுன்ஸ், பிளண்ட்னு ரெண்டு பேர் காட்டினாங்க. தோல்ல வர்ற காசநோய்க்கு ஒளி சிகிச்சை கொடுத்த நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல மருத்துவ நோபல் பரிசு கிடைச்சது. அறிவியல் கெட்டிதான். சிக்கல் அதை எங்கே, எதுக்கு அப்புறம், எப்படிப் பயன்படுத்துறோம் என்பதுல.

8/
முதல் சிக்கல் நிழல். ஒளி நேர்க்கோட்டுல போகும். வளைஞ்சு நெளிஞ்சு போகாது. விளக்குக்குத் தெரியாத இடம், கிருமிக்குப் பாதுகாப்பான இடம். கத்தரிக்கோலை மூடி வச்சா ரெண்டு அலகும் உரசுற இடத்துல ஒளி படாது. குழாய் மாதிரி இருக்கிற கருவியின் உள்பக்கம் படாது. பிபி கட்டுற பட்டையின் மடிப்புக்குள்ள படாது.

9/
கொரோனா சமயத்துல, 2020 மே மாசம், நம்ம டிஆர்டிஓ ஒரு யூவி கோபுரத்தை அறிமுகம் செஞ்சது ஞாபகம் இருக்கா? சுத்தி 43 வாட் விளக்கு ஆறு. 12-க்கு 12 அடி அறைக்கு சுமார் 10 நிமிஷம். 400 சதுர அடி அறைன்னா 30 நிமிஷம், அதுவும் கோபுரத்தை இடம் மாத்தி மாத்தி வைக்கணும்னு சொன்னாங்க. ஏன் இடம் மாத்தணும்? தூரமும் நிழலும்தான். செஞ்சவங்களே நேர்மையா சொன்ன விஷயம் அது. விளம்பர வீடியோக்கள்ல இது இருக்காது.

10/
ரெண்டாவது சிக்கல் அழுக்கு. காய்ஞ்ச ரத்தம், சளி, எச்சில் எல்லாம் புரதம். அது ஒளியை உறிஞ்சி உள்ளே போக விடாது. கிருமி அதுக்குக் கீழே போர்வை போர்த்திப் படுத்த மாதிரி இருக்கும். இதை நான் புத்தகத்துல படிச்சுத்தான் எம்பிபிஎஸ் பாஸ் பண்ணினேன். ஆனா உறைச்சது வேற ஒரு நாள்.

11/
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ராத்திரி டூட்டி. மூச்சுத் திணறலோட வந்தவருக்கு சீனியர் டாக்டர் தொண்டைக்குள்ள டியூப் போட்டார். அதுக்கு நாக்கைத் தூக்கிப் பிடிக்க லாரிங்கோஸ்கோப்னு ஒரு கருவி. நுனிப் பக்கம் குட்டி பல்பு எரியும். வேலை முடிஞ்சதும் பிளேடை என் கையில குடுத்தாங்க. நான் ஸ்பிரிட் பஞ்சுல ஒரு துடை துடைச்சு, மூலையில இருந்த யூவி பெட்டிக்குள்ள வச்சு, சுவிட்சைப் போட்டுட்டு அடுத்த கேஸுக்கு ஓடிட்டேன். மனசுக்குள்ள பெரிய திருப்தி. கடமையைச் செஞ்சாச்சு.

12/
காலையில தியேட்டர் சிஸ்டர் கூப்பிட்டாங்க. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருந்த அம்மா. பிளேடுல இருந்து பல்பைத் திருகிக் கழட்டி, வெள்ளைத் துணியில தட்டினாங்க. பழுப்பு நிறத்துல பொடி விழுந்தது. காய்ஞ்ச ரத்தம். "டாக்டர், லைட்டுக்குக் கை கிடையாது. தேய்க்கிற வேலையை நாமதான் செய்யணும்"னு சொல்லிட்டு, திட்டக்கூட இல்ல, பிரஷ்ஷை என் கையில குடுத்தாங்க. கழுவினேன்.

13/
அந்த பிளேடு அடுத்த நோயாளி வாய்க்குள்ள போகல. அது என் சாமர்த்தியம் இல்ல, அந்த சிஸ்டரோட கண்ணு. அவங்க அன்னைக்கு லீவு போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் சில ராத்திரி யோசிப்பேன். அந்தப் பெட்டி மட்டும் அங்கே இல்லாம இருந்திருந்தா, நான் ஒழுங்கா கழுவப் போட்டிருப்பேன். நீல லைட் எனக்கு ஒரு குறுக்கு வழியைக் காட்டுச்சு. நான் போனேன்.

14/
மூணாவது சிக்கல் அளவு. எவ்வளவு பக்கத்துல, எவ்வளவு நேரம் ஒளி பட்டதுங்கிறதுதான் டோஸ். சின்ன விளக்குல இருந்து தூரம் ரெண்டு மடங்கானா, ஒளியின் வலிமை நாலுல ஒரு பங்காகக் குறையும். விளக்கு பழசாக ஆக நீலமா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா கொல்லும் ஒளி குறைஞ்சுக்கிட்டே வரும். மேலே தூசி படிஞ்சாலும் குறையும். யூவி-சி கண்ணுக்கே தெரியாது. நாம பார்க்கிற நீலம் கூட வர்ற ஒளி மட்டும்தான். அதனால நீலமா எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல. மீட்டர் வச்சு அளந்தாதான் தெரியும்.

15/
"அப்போ எங்க வீட்டு வாட்டர் பியூரிஃபையர் மட்டும் எப்படி வேலை செய்யுது?" நல்ல கேள்வி. அங்கே தண்ணி முதல்ல ஃபில்டர் வழியா வந்து, மண்ணும் கலங்கலும் நீங்கின பிறகுதான் யூவி விளக்குப் பக்கம் போகுது. விளக்கைச் சுத்தி மெல்லிசா ஓடுது. நிழல் இல்ல, அழுக்கு இல்ல, தூரம் இல்ல. கலங்கல் தண்ணியை நேரா விட்டா அங்கேயும் யூவி தோத்துடும். முதல்ல சுத்தம், அப்புறம் ஒளி. உங்க சமையலறையிலேயே அந்த விதி ஓடிக்கிட்டிருக்கு.

16/
சரி, ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு வர்றேன். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்பால்டிங் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் பல பத்து வருஷத்துக்கு முன்னாடியே ஒரு எளிய பிரிவு சொன்னார். உலகம் முழுக்க இன்னைக்கும் அதுதான். கருவி உடம்புல எங்கே படுதுன்னு பாரு, அதை வச்சு எவ்வளவு சுத்தம் வேணும்னு முடிவு பண்ணு.

17/
முதல் வகை, ரத்தத்துக்குள்ளேயும் தசைக்குள்ளேயும் போற கருவி. ஆபரேஷன் கத்தி, ஃபோர்செப்ஸ், தையல் ஊசி பிடிக்கிறது. இதுல ஒரு கிருமி, ஒரு ஸ்போர் கூட உயிரோட இருக்கக் கூடாது. நல்லாக் கழுவி, ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி நீராவியில, அழுத்தத்தோட, குறைஞ்சது 15 நிமிஷம். நம்ம வீட்டு குக்கரோட பெரியண்ணன் அது. நீராவி இண்டு இடுக்கெல்லாம் நுழையும். அந்த வேலையை யூவி பெட்டியால செய்யவே முடியாது.

18/
ரெண்டாவது வகை, வாய், தொண்டை, குடல் மாதிரி ஈரமான சவ்வுல படுற கருவி. எண்டோஸ்கோப், நான் சொன்ன லாரிங்கோஸ்கோப் பிளேடு. இதுக்கும் கழுவல், பிரஷ், அப்புறம் உயர்நிலைக் கிருமிநீக்க மருந்துல முழு நேரம் ஊற வைக்கணும், இல்லேன்னா ஆட்டோகிளேவ். எண்டோஸ்கோப் குழாய்க்குள்ள வெளியில இருக்கிற விளக்கு எட்டிப் பார்க்காது.

19/
மூணாவது வகை, முழுசா இருக்கிற தோல் மேல மட்டும் படுற பொருள். பிபி பட்டை, ஸ்டெதஸ்கோப், கட்டில் கம்பி, மானிட்டர் திரை, ட்ராலி. யூவிக்கு நியாயமான இடம் இங்கேதான். அதுவும் துடைச்ச பிறகு. இந்த வகையை லேசா நினைக்காதீங்க. ஜெனீவா மருத்துவமனையில செஞ்சு 2014-ல வந்த ஒரு ஆய்வுல, நோயாளியைப் பரிசோதிச்ச பிறகு ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தகட்டுல இருந்த கிருமி, டாக்டர் கையில விரல் நுனியைத் தவிர மத்த எல்லா இடத்தையும்விட அதிகம்.

20/
யூவிக்கு ஆதாரம் இருக்கா? இருக்கு, நல்ல ஆதாரம். அமெரிக்காவின் தென்கிழக்குல 9 மருத்துவமனைகள்ல செஞ்ச பெரிய ஆய்வு, 2017-ல லான்செட்ல வந்தது. எதிர்ப்புச் சக்தி உள்ள கிருமியோட இருந்த நோயாளி டிஸ்சார்ஜ் ஆன அறையை வழக்கமான மருந்தால சுத்தம் பண்ணி, கூடவே யூவியும் போட்டாங்க. அடுத்து அதே அறைக்கு வந்தவங்களுக்கு அந்தக் கிருமிகள் தொத்துவது சுமார் 30 சதவீதம் குறைஞ்சது. சின்ன விஷயம் இல்ல.

21/
ஆனா இதை முழுசாப் படிக்கணும். அங்கே முதல்ல மனுஷங்க போய் அறையைத் துடைச்சாங்க. அதுக்கு மேலதான் யூவி. துடைக்காம யூவி மட்டும் போட்ட பிரிவே அந்த ஆய்வுல இல்ல. அதோட, பிளீச் போட்டுத் துடைச்ச அறையில யூவியும் சேர்த்தப்போ, சி டிஃபிசில் என்ற வயித்துப்போக்குக் கிருமி குறிப்பிடும்படி குறையல. விளம்பரக்காரங்க 30 சதவீதத்தை மட்டும் எடுத்துக்குவாங்க. துடைப்பத்தை விட்டுடுவாங்க.

22/
2020-ல என்95 மாஸ்க் தட்டுப்பாடு வந்தப்போ அமெரிக்காவுல நெப்ராஸ்கா மருத்துவமனையில யூவி வச்சு மாஸ்க்கைத் திரும்பப் பயன்படுத்தினாங்க. கம்பியில மாஸ்க்கை இடைவெளி விட்டு மாட்டி, ரெண்டு பக்கமும் விளக்கு வச்சு, அறையிலேயே டோஸை அளந்தாங்க. நிழல், தூரம், அளவு மூணையும் கவனிச்சாங்க. ஒழுங்கா செஞ்சா யூவி இப்படித்தான் இருக்கும். பெட்டிக்குள்ள குவிச்சுப் போட்டு சுவிட்ச் தட்டுறது அது இல்ல.

23/
இப்போ அண்ணனோட கேள்விக்கு வர்றேன். மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி ஐசியு, அங்கே கழுவுறதும் துடைக்கிறதும் ஒழுங்கா நடக்குது, தொத்துக் கணக்கு எடுக்கிறாங்க, மெஷினைப் பராமரிக்க ஆள் இருக்குன்னா, தாராளமா யூவி வாங்கிக் குடுங்க. நான் எதிர்க்க மாட்டேன். காசநோய் வார்டுல சுவரோட மேல்பகுதியில மாட்டுற யூவிக்கு உலக சுகாதார அமைப்பே 2019 வழிகாட்டுதல்ல ஆதரவு சொல்லியிருக்கு. அங்கே எதிரி காத்துல மிதக்குது, கழுவ முடியாது. அதனால ஒளிக்கு வேலை இருக்கு.

24/
ஆனா நம்ம மாதிரி தாலுகா ஆஸ்பத்திரியில? ஒரு வார்டுக்கு ரெண்டு பிபி பட்டை. அதை எத்தனை கைக்குக் கட்டுறோம்னு நினைச்சுப் பாருங்க. கருவி கழுவுற தொட்டி ஒண்ணு, அதுக்குப் பக்கத்துலயே கையும் கழுவணும். ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு தூய்மைப் பணியாளர், ரெண்டு வார்டு, ஒரு லேபர் ரூம். லாரிங்கோஸ்கோப் பிளேடு கூடுதலா இல்லாததால, கழுவி ஊற வைக்க வேண்டிய நேரம் முடியறதுக்குள்ள அடுத்த நோயாளி வந்துடறார். இங்கே குறையுறது ஒளி இல்ல. நேரமும் தண்ணியும் ஆளும்.

25/
"மனுஷன் ஒழுங்கா துடைக்க மாட்டேங்கிறான், அதுக்குத்தானே மெஷின்?"னு சிலர் கேட்பாங்க. பாதி உண்மை. நாங்க விட்டுடற இடங்கள் இருக்கு, கட்டில் கம்பியின் அடிப்பக்கம், ட்ராலி கைப்பிடி. ஆனா அந்தத் தூய்மைப் பணியாளரை ஒப்பந்தத்துல வச்சு, பயிற்சி தராம, ஒரே பக்கெட் தண்ணியில பத்து கட்டிலைத் துடைக்கச் சொல்லிட்டு, "ஆள் சரியில்ல, மெஷின் வாங்கு"ன்னு சொல்றது நியாயமா? அந்த மெஷினைத் தள்ளிக்கிட்டுப் போய், தூசி துடைச்சு, கதவைச் சாத்தி இயக்கப் போறதும் அதே ஆள்தான்.

26/
வேடிக்கை என்னன்னா, துடைச்சது சரியான்னு பார்க்கவும் ஒரு யூவி வழி இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் ஜெல்லை கட்டில் கம்பியில ஒரு பொட்டு வைப்பாங்க. துடைச்ச பிறகு யூவி-ஏ டார்ச் அடிச்சா, விட்டுப்போன இடம் பளிச்சுனு தெரியும். பெரிய மெஷினோட ஒப்பிட்டா செலவு ரொம்பக் கம்மி. தண்டிக்கிறதுக்கு இல்ல, கத்துக்கிறதுக்கு. டாக்டர் கை கழுவுறதையும் இதே மாதிரி பார்க்கலாம். எங்க முகம் எப்படிப் போகும்னு பார்க்க ஆசையா இருக்கு.

27/
வீட்டுல யூவி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கையில பிடிச்சு ஆட்டுற யூவி குச்சியைக் கை மேலேயோ குழந்தை மேலேயோ காட்டாதீங்க. கை, தோலைச் சுத்தம் பண்ண யூவி விளக்கைப் பயன்படுத்தக் கூடாதுன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லியிருக்கு. சில யூவி குச்சிகள் சில நொடிகளிலேயே தோலையும் கண்ணையும் காயப்படுத்தலாம்னு அமெரிக்காவின் எஃப்டிஏ 2022-ல எச்சரிச்சது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துட்டு ராத்திரி கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி துடிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. அதே பாதிப்புதான் இதுலயும் வரும். உடனே தெரியாது, சில மணி நேரம் கழிச்சுத் தெரியும்.

28/
சலூன்ல நீலப் பெட்டியைப் பார்த்து நிம்மதி ஆகாதீங்க. ஷேவிங்குக்குப் புது பிளேடு உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும்னு கேளுங்க. ஹெபடைட்டிஸ் பி ரத்தம் வழியா பரவும், பழைய பிளேடுக்கு எந்த லைட்டும் மாற்று இல்ல. குழந்தைப் பால் பாட்டிலா? பிரஷ் போட்டுக் கழுவி, கொதிக்க வைங்க. போனா? சுவிட்ச் ஆஃப் பண்ணி ஆல்கஹால் துணியில துடைங்க. எல்லாத்துக்கும் மேல, சோப்பு போட்டுக் கை கழுவுங்க.

29/
அண்ணே, இது உங்களுக்கு. அப்பா பேர்ல செய்யணும்னா என் பட்டியல் இதுதான். கருவி கழுவ மட்டும் தனியா ஆழமான ஸ்டீல் தொட்டி, முழங்கையால திறக்கிற குழாயோட. கை கழுவ வேற ஒரு தொட்டி. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பிபி பட்டை, துடைக்கக் கூடிய வகை. கூடுதலா லாரிங்கோஸ்கோப் பிளேடு செட். கழுவுறவங்களுக்குத் தடிமனான கையுறை, கண்ணாடி, ஏப்ரன், நல்ல பிரஷ். நோயாளர் நலச் சங்கம் மூலமா, முறைப்படி ரசீதோட. இதெல்லாம் முடிஞ்சு பணம் மிஞ்சினா, யூவியைப் பத்திப் பேசலாம்.

30/
தொட்டிக்கு ரிப்பன் வெட்டினா போட்டோ அவ்வளவு நல்லா வராதுன்னு எனக்கும் தெரியும். ஆனா தொட்டிக்கு மேல சுவர்ல அப்பா பேரை எழுதி வைக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கருவி கழுவுற ஒவ்வொருத்தரும் அந்தப் பேரைப் படிப்பாங்க. யூவி பெட்டிக்குள்ள எழுதின பேரை யாருண்ணே பார்க்கப் போறா?

31/
மக்களே, உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கும் யாராவது பளபளன்னு ஏதாவது வாங்கித் தர நினைச்சா, முதல்ல அங்கே இருக்கிற நர்ஸ்கிட்டயும் தூய்மைப் பணியாளர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்க: "உங்களுக்கு என்ன இல்ல?" அவங்க சொல்ற பதில்ல யூவி வந்தா வாங்குங்க. பக்கெட்டும் பிரஷ்ஷும் வந்தா, கூச்சப்படாம அதையே வாங்குங்க.

எனக்கு பிரஷ் குடுத்த அந்த சிஸ்டர் இப்போ ரிட்டயர் ஆகிட்டாங்க. இந்த த்ரெட் அவங்களுக்கு.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.